ஏற்கெனவே கிடைத்த பதில்

எரேமியா 42-ஆம் அதிகாரத்தை நம் ஜெபக்கூட்டங்களில் அதிகம் எடுத்து வாசிப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் தேவ ஞானத்தை எப்படிக் கேட்பது, எப்படித் தட்டிக்கழிக்கிறோம் என்பதைப் படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேதத்தில் இல்லை.

எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்துவிட்டது. தேசத்தில் மிச்சமிருந்த ஏழை எளியவர்களை ஆளும்படி பாபிலோன் ராஜா வைத்துவிட்டுப் போன கெதலியாவை இஸ்மவேல் என்பவன் வெட்டிக் கொன்றுவிட்டான். பாபிலோன் படை திரும்பி வந்து பழிவாங்கும் என்ற பயத்தில் ஜனங்கள் நடுங்குகிறார்கள். யோகனான் என்ற தலைவனோடு சிறியவர் பெரியவர் எல்லாரும் எரேமியாவிடம் வந்து நிற்கிறார்கள். எங்களுக்காக ஜெபம்பண்ணும், நாங்கள் போக வேண்டிய வழியைக் கர்த்தர் காட்டட்டும், அது எங்களுக்குப் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் கீழ்ப்படிகிறோம் என்று கர்த்தரையே சாட்சி வைத்துச் சொல்கிறார்கள். இதைவிடப் பக்தியான விண்ணப்பம் இருக்க முடியாது. 10 நாள் கழித்துப் பதில் வருகிறது: இங்கேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். கேட்டவுடன் அவர்கள் எரேமியாவைப் பொய்யன் என்றார்கள். உன் எழுத்தன் பாருக்கு தூண்டிவிட்டுத்தான் இப்படிப் பேசுகிறாய் என்றார்கள். எகிப்துக்கே போனார்கள். எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதன் சாவி முந்தின அதிகாரத்தின் கடைசி வசனங்களில் இருக்கிறது. எரேமியாவைத் தேடி வருவதற்கு முன்பே இவர்கள் எகிப்துக்குப் புறப்பட்டு, வழியில் பெத்லகேமுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தவர்கள். மூட்டை கட்டி, பிள்ளைகுட்டிகளோடு பாதி வழி வந்த பிறகுதான் வழி கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒப்புதல் மட்டுமே.

தேவ ஞானத்தைத் தள்ளுகிறவன் என்றதும் நம் மனதில் சபைப் பக்கமே வராத ஒருவருடைய முகம் தோன்றும். வேதம் காட்டுகிற முகங்கள் வேறு. ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள், பலி செலுத்துகிறவர்கள், தீர்க்கதரிசியின் வீட்டு வழி தெரிந்தவர்கள், இவர்களே பெரும்பாலும் தள்ளுகிறார்கள். மறுத்துப் பேசித் தள்ளுவதில்லை. இன்னும் ஒரு அடையாளம் வேண்டும், இன்னும் ஒரு வசனம் வேண்டும், இன்னும் கொஞ்சம் ஜெபிக்க வேண்டும் என்று தள்ளிவைத்தே தள்ளிவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது ஒன்றுதான்: புதிதாக ஒரு பதிலைக் கேட்பதற்கு முன், ஏற்கெனவே கிடைத்திருக்கும் பதிலைப் பார்த்துவிடுங்கள்.

தென்றல் அடித்தால் போதுமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வைத்து நீட்டப்படும். கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம். பீரோவில் ஒட்டுகிறோம். தவறில்லை. அந்த வசனம் ஒருவரை ஒரு வருஷம் தாங்கியிருக்கிறது என்றால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலம் வாங்கலாமா, கடையை விரிவுபடுத்தலாமா, இந்தச் சம்பந்தத்தை முடிக்கலாமா என்பதற்கெல்லாம் அந்த அட்டையிலிருந்து பதில் எடுக்கத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது. உன் எல்லை விரிவாகும் என்ற பொருளில் ஒரு அட்டை வந்ததை நம்பி, வருமானத்தைக் கணக்குப் பார்க்காமல் வீட்டுக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்குகிறவனைப் பற்றி இயேசு சொன்னது லூக்கா 14-ல் இருக்கிறது. அந்த அதிகாரம் அட்டையாக அச்சாவதில்லை.

அட்டை இல்லாவிட்டால் போன். தீர்க்கதரிசனம் சொல்லும் ஒரு சகோதரனுடைய நம்பர் கைமாறி வருகிறது. பேர், ஊர், பிரச்சினை மூன்றையும் நாமே சொல்லிவிட்டு, அவர் சொல்வதைக் கர்த்தரின் வார்த்தையாக எடுத்துக்கொள்கிறோம். அதுவும் இல்லாவிட்டால் "கதவு திறந்தது" என்ற பேச்சு. லோன் சட்டென்று சாங்ஷன் ஆனது, ஆகவே கர்த்தர் கதவைத் திறந்தார். விசா வந்தது, ஆகவே சித்தம்.

கதவு திறப்பதைப் பற்றி அப்போஸ்தலர் 27 என்ன சொல்கிறது என்று பாருங்கள். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பல் கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடத்தில் நிற்கிறது. கடல் பயணத்துக்கு ஏற்ற காலம் கடந்துவிட்டது. இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் வரும் என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அதில் அவனைக் குறை சொல்வது கடினம். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள், பெரும்பான்மையும் அவர்கள் பக்கம். அப்போது தென்றல் மெதுவாக அடித்தது. நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கடுங்காற்று. 14 நாள் அலைந்து, மெலித்தா தீவுக் கரையில் கப்பல் உடைந்தது. கப்பலில் இருந்த 276 பேரும் உயிர் தப்பினார்கள், அது இரக்கம். ஆனால் அந்தத் தென்றல் யாருடைய பதிலும் அல்ல, அது வெறும் காற்று.

அடையாளம் கேட்டுத் தோலைப் போட்ட கிதியோனின் உதாரணமும் அடிக்கடி வரும். நியாயாதிபதிகள் 6-ஐ நிதானமாகப் படியுங்கள். கிதியோனுக்குப் பதில் முதலிலேயே வந்துவிட்டது. தோலைப் போட்டது தெரியாததைத் தெரிந்துகொள்ள அல்ல. தெரிந்ததை நம்ப முடியாததால். கர்த்தர் அவனுடைய பலவீனத்தைப் பொறுத்துக்கொண்டார். அதை ஒரு முறையாக ஆக்கி நமக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே ஒரு காரியத்துக்காக ஜெபத்தில் உட்காரும் முன் உங்களையே சில கேள்விகள் கேளுங்கள். இதற்காக ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றா? கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, நகைக்கு எத்தனை பவுன் என்று பேசி முடித்துவிட்டு, அப்புறம் மூன்று நாள் உபவாசம் இருந்து சித்தம் தேடுகிற வீடுகள் நம்மிடையே எத்தனை! அவர்களும் பெத்லகேமுக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறவர்களே. இரண்டாவது, பதில் 'வேண்டாம்' என்று வந்தால் நான் என்ன செய்வேன்? அந்த 'வேண்டாம்' எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியாததாக இருந்தால், நான் கேட்க வரவில்லை. மூன்றாவது கேள்விதான் முக்கியம். இந்தக் காரியத்தைப் பற்றி வேதத்தில் வெளிப்படையாக, எந்த வியாக்கியானமும் தேவைப்படாமல், ஏதாவது சொல்லியிருக்கிறதா?

அன்றாடத்தில் நாம் தடுமாறுகிற காரியங்களில் பெரும்பகுதிக்குச் சொல்லியிருக்கிறது. நீதிமொழிகளின் 31 அதிகாரங்களும் பணம், பேச்சு, அண்டை வீட்டார், படுக்கை, சாப்பாடு, கோபம், வியாபாரத் தராசு என்று சந்தையிலும் வீட்டிலும்தான் நடமாடுகின்றன. ஞானம் ஆலயத்துக்குள் நின்று பேசுவதாக அந்தப் புத்தகம் காட்டுவதில்லை. தெருவிலும் ஊர் வாசலிலும் நாற்சந்தியிலும் நின்று சத்தமிடுகிறது. எடுத்துக்காட்டாக ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகப் பார்ப்போம். நம் சபைகளில் இதைப் பற்றி அதிகம் பிரசங்கம் கேட்டிருக்க மாட்டீர்கள். வீடுகளோ இதனால் உடைந்துகொண்டே இருக்கின்றன.

ஜாமீன் கையெழுத்து

நீதிமொழிகள் பிணைப்படுவதைப் பற்றி ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. 6-ஆம் அதிகாரத்தில், 11-ல், 17-ல், 20-ல், 22-ல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. மற்றவன் கடனுக்குக் கைகொடுத்து நிற்காதே. கட்ட உன்னிடம் இல்லாமல் போனால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள் என்கிறது. இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. எபிரெயமோ கிரேக்கமோ படித்த ஆயரைக் கேட்க வேண்டியதும் இல்லை.

ஆனாலும் போடுகிறோம். அலுவலகத்தில் கூட்டுறவு நாணயச் சங்கக் கடனுக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் படிவத்தை நீட்டுகிறார். சீட்டு எடுத்த மைத்துனர் ஜாமீனுக்கு ஆள் தேடுகிறார். சபையில் ஒரு சகோதரன், 'வெறும் ஃபார்மாலிட்டிதான் பிரதர்' என்கிறார். முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. தாட்சண்யம் தனநாசம் என்று நம் ஊர்க் கிழவிகளும் சாலொமோனோடு சேர்ந்து சொல்லித்தான் பார்த்தார்கள்.

ஃபார்மாலிட்டி அல்ல என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. பாதி அல்ல, கடைசியில் மிஞ்சுவது மட்டும் அல்ல. கடன் வாங்கியவரை முதலில் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. அவர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றிலும் கறை விழும். நாளைக்கு உங்கள் மகளின் படிப்புக் கடனுக்குப் போய் நிற்கும்போது அது தெரியவரும். சங்கக் கடனாக இருந்தால் உங்கள் சம்பளத்திலேயே பிடித்தம் வரலாம்.

பக்தியும் படிப்பும் இருந்தால் பணக்காரியத்தில் தப்பிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. யோகான் பிலிப் பப்ரிசியஸ் 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி. தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் வரலாற்றில் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. பிணையைப் பற்றிய நீதிமொழிகளை வார்த்தை வார்த்தையாக நிறுத்தித் தமிழாக்கியவர். அவரே முதுமையில், தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பணம் கடனாகக் கொடுக்கப்பட்டு மூழ்கிப்போனதால், கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791-ல் இறந்தார். அவரைக் கொச்சைப்படுத்த இதைச் சொல்லவில்லை. இன்றும் நம் கையில் இருக்கும் வேதத்துக்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வசனம் தெரிவது வேறு, வசனம் ரூபாய்க் கணக்கில் நம்மைத் தடுக்கும்படி விடுவது வேறு.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். கிறிஸ்துவே நமக்குப் பிணையாளி என்று எபிரெயர் 7-ல் இருக்கிறதே, யூதா தன் தம்பி பென்யமீனுக்குப் பிணை நின்றானே, பவுல் ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் எழுதச் சொன்னாரே என்பார்கள். நல்ல கேள்வி. இந்த மூவரையும் கவனியுங்கள். முழுவதையும் தாங்களே கட்ட வேண்டி வரும் என்று தெரிந்தே நின்றவர்கள். யூதா கடைசியில் தம்பிக்குப் பதிலாகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்தான். நீங்கள் அப்படி நிற்க முடியுமென்றால், அதாவது அந்தத் தொகை முழுவதும் போனாலும் உங்கள் வீட்டு அடுப்பு எரியும், உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ இது தெரியும், அவரும் சம்மதித்தார் என்றால், கையெழுத்துப் போடுங்கள். அது அன்பு. கட்ட வேண்டி வராது என்ற நம்பிக்கையில் போடும் கையெழுத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மறுப்பது எப்படி? மறுக்கிற வார்த்தை கைவசம் இல்லாததால்தான் பலர் மாட்டுகிறார்கள். 'ஜெபம்பண்ணிச் சொல்றேன்' என்று சொல்லாதீர்கள். பதில் தெரிந்த காரியத்துக்கு ஜெபத்தைச் சாக்காக்குவது கர்த்தரின் நாமத்தை வீணிலே எடுப்பதற்கு அருகில் வருகிறது. கேட்பவர் உறவில் பெரியவராக இருந்தால், 'சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. ஜாமீன் யாருக்கும் போடுறதில்லன்னு நானும் இவளும் பேசி முடிவு பண்ணிட்டோம். என் கூடப்பிறந்த அண்ணன் கேட்டாலும் இதுதான். எங்க கையில பத்தாயிரம் இருக்கு. இத வச்சுக்கோங்க, திருப்பித் தர வேண்டாம்' என்று சொல்லலாம். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். நன்மை செய்ய உனக்குத் திராணி இருக்கும்போது செய்யாமல் இராதே என்பதும் அதே நீதிமொழிகளின் 3-ஆம் அதிகாரம்தான். ஒரு பக்கத்தைக் கேட்டு மறுபக்கத்தை விட்டால், ஞானம் வெறும் கஞ்சத்தனமாகிவிடும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் 6-ஆம் அதிகாரம் வழி சொல்கிறது. வெட்கத்தை விட்டுப் போ, தாழ்ந்து கேள், விடாமல் நெருக்கு, அதை முடிக்கும்வரை கண்ணுக்கு உறக்கம் கொடுக்காதே என்பது அதன் சாரம். நடைமுறையில்: உங்கள் கையெழுத்துள்ள தாள்களின் நகலை வாங்கி வையுங்கள். தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கடன் வாங்கியவரிடம் மட்டும் கேட்காமல் கடன் கொடுத்த இடத்திலும் கேளுங்கள். வேறு ஒருவரை மாற்று ஜாமீனாக ஏற்பார்களா என்று விசாரியுங்கள். தொடர்ந்து நடக்கும் வியாபாரப் பற்றுவரவுக்குக் கொடுத்த பிணையாக இருந்தால், இனிமேல் கொடுக்கப்போகும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து விலக ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதுவரை கொடுத்ததற்குப் பொறுப்பு நீங்காது. நீங்களே கட்ட நேர்ந்தால், கட்டியதைக் கடனாளியிடமிருந்து கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. இதற்கெல்லாம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

ஒரு பக்கம் கேட்டுவிட்டு

பணத்துக்கு அடுத்தபடி நம்மைக் கவிழ்ப்பது காது. முதலில் வந்து பேசுகிறவன் நியாயம்தான் நியாயமாகத் தெரியும், மற்றவன் வந்து விசாரிக்கும்வரை, என்ற கருத்து நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சேகரத் தேர்தல், மாமியார் மருமகள் சண்டை, பாகப்பிரிவினை, வாட்ஸ்அப்பில் வரும் ஊழியக்காரர் பற்றிய ஒலிப்பதிவு, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். மற்றவரைக் கேட்கும்வரை தீர்ப்புச் சொல்லாதிருங்கள், அனுப்பாதிருங்கள், பக்கம் சேராதிருங்கள். 'ஜெபக் குறிப்பு' என்று பெயர் வைத்தாலும் அது புறங்கூறுதல்தான். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதைத் தடியாக எடுக்காதீர்கள்

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். நீதிமொழிகள் வாழ்க்கை பெரும்பாலும் எப்படிப் போகும் என்று சொல்கின்றன; ஒவ்வொரு முறையும் இப்படியே நடக்கும் என்று கர்த்தர் எழுதிக்கொடுத்த பத்திரம் அல்ல. 26-ஆம் அதிகாரத்தில் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று ஒரு வசனம். அடுத்த வசனமே சொல் என்கிறது. எந்த மூடனுக்கு, எந்த நேரத்தில் என்று பார்க்கும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறது. யோபுவின் நண்பர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் வாக்கிய அளவில் சரியானவை. சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம், நீ ஏதோ கேளாமல் போனதால்தான் இது என்று பொருத்தினார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. வியாபாரம் நொடித்தவரிடமும் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் இந்த அத்தியாயத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

அதேபோல, அடிவாங்கும் பெண்ணிடம் பொறுமையும் கீழ்ப்படிதலும்தான் தேவ ஞானம் என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்கிறவனை விவேகி என்று சொல்வதும் நீதிமொழிகள்தான். அந்தப் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பான இடம். பெண்களுக்கான 181 என்ற உதவி எண். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ஆம் வருஷத்துச் சட்டம். ஜெபம் அதற்கு முன்பும் பின்பும் இருக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம்.

வெளிப்படையான வார்த்தை இல்லாத காரியங்களும் உண்டு. கோயம்புத்தூர் வேலையா பெங்களூரு வேலையா, இந்த வீடா அந்த வீடா. அவற்றில் பாவமும் இல்லை, பெரிய ஆபத்தும் இல்லை என்றால், கணக்குப் பார்த்து, வீட்டாரோடு பேசி, ஞானத்தைக் கேட்டு ஜெபித்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்கிறார் யாக்கோபு. அவர் கொடுப்பதாகச் சொன்னது ஞானம். தேர்வு செய்யும் வேலையை நம் கையிலிருந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லவில்லை. தேர்ந்தபின், வேறொன்றுதான் சித்தமாக இருந்திருக்குமோ என்று ஆயுள் முழுக்கப் புழுங்க வேண்டியதில்லை.

உங்களிடம் யார் பேச முடியும்?

1 சாமுவேல் 25-ல் நாபால் என்ற பணக்காரனைப் பற்றி அவனுடைய வேலைக்காரனே சொல்கிற ஒரு விவரம் இருக்கிறது: அவரிடம் யாரும் பேச முடியாது. ஆகவே ஆபத்து வருகிறதென்று தெரிந்தும் வேலைக்காரன் எஜமானிடம் போகவில்லை. எஜமானி அபிகாயிலிடம் போனான். அவளும் கணவனிடம் சொல்லாமல் 200 அப்பம், 5 ஆடு, 200 அத்திப்பழ அடை என்று கழுதைகளில் ஏற்றிக்கொண்டு, 400 பேரோடு பட்டயம் கட்டி வந்துகொண்டிருந்த தாவீதின் எதிரே போனாள். தன் ஆட்களை நாபால் அவமதித்து அனுப்பியதால் தாவீது அப்போது கொதித்துக்கொண்டிருந்தான். விடிவதற்குள் நாபாலின் வீட்டில் ஒரு ஆணையும் விடமாட்டேன் என்று சபதம் செய்திருந்தான். வழியில் முன்பின் தெரியாத ஒரு பெண் விழுந்து வணங்கி, இது வேண்டாம், இந்த இரத்தப்பழி பிற்காலத்தில் உம் மனதை அறுக்கும் என்கிறாள். 400 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாவீது நின்றான். அவளுடைய யோசனையை வாழ்த்தி, அவளைக் கர்த்தரே அனுப்பினார் என்று சொல்லித் திரும்பிப் போனான்.

நாபாலுக்கும் நல்ல ஆலோசனை வீட்டுக்குள்ளேயே இருந்தது, மனைவியின் உருவில். அது அவன் காதுக்கு வர வழி இல்லை, அவனே அடைத்துவிட்டான். நம் வீடுகளில் அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அம்மா வழியாகச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. அம்மா நேரம் பார்க்கிறார்; காபி குடித்தபிறகு, செய்தி முடிந்தபிறகு. சில வீடுகளில் அம்மாவிடம்தான் பேச முடியாது. சில சபைகளில் ஆயரிடம். இதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். தேவ ஞானம் நம்மிடம் வரும் வழி பெரும்பாலும் இன்னொரு மனிதருடைய வாய்தான். அந்த வாயைப் பூட்டி வைத்துவிட்டு, கர்த்தர் சொப்பனத்தில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சொல்கிறவர் பரிசுத்தவானாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதே தாவீது பிற்காலத்தில் ஜனத்தொகையைக் கணக்கெடுக்கப் புறப்பட்டபோது, இது எதற்கு என்று தடுத்துச் சொன்னவன் யோவாப். கையில் எத்தனையோ இரத்தம் உள்ளவன், ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது சரி. ராஜாவின் வார்த்தை யோவாபின் வார்த்தையை மேற்கொண்டது என்று 2 சாமுவேல் 24 எழுதியிருக்கிறது. வாலிபத்தில் அந்நியப் பெண்ணிடம் கேட்டவன், சிங்காசனத்தில் உட்கார்ந்தபின் தன் படைத்தலைவனிடம் கேட்கவில்லை. வயதும் பதவியும் ஏற ஏற இந்தக் காது மந்தமாகும். சபையில் மூப்பராகவோ பள்ளியில் தாளாளராகவோ ஊழிய நிறுவனத் தலைவராகவோ இருக்கிறவர்கள் இதைத் தங்களுக்கே எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இது. உங்களுக்கு ஆமாம் போடுகிறவராகவும் உங்களிடம் பணமோ வேலையோ எதிர்பார்க்கிறவராகவும் இல்லாத ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மனைவியாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், வளர்ந்த மகளாக, பழைய நண்பராக இருக்கலாம். 'நான் தப்பாப் போறேன்னு தெரிஞ்சா நீ நேரா சொல்லணும், நான் கோபப்பட மாட்டேன்' என்று இந்த வாரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் உடனே நம்ப மாட்டார். இத்தனை வருஷம் பார்த்தவராயிற்றே. சில நாள் கழித்துத் தயங்கித் தயங்கி ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார்ப்பார். அப்போது விளக்கம் கொடுக்காதீர்கள், அவருடைய குறையை எடுத்துக்காட்டாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுவதும் பதில் பேசாமல் அதை யோசித்துப் பாருங்கள்.